உப்பும் கரியும் போட்ட குழி

எழுத்து கோணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். போன வாரம் மாடு கட்டிக் கவலை இறைத்ததைப் பற்றி எழுதியபோது மாட்டின் பெயரையே மாற்றி எழுதிவிட்டேனாம். தம்பி மகள் படித்துவிட்டுச் சொன்னாள். மறதி அப்படி. வருஷம் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. கல்யாணமாகி இரண்டு வருஷம், எங்கள் ஊருக்குக் கரண்டு வந்த புதுசு. அவ்வளவுதான் தெரியும்.

இந்த வாரம் சொல்லப்போவது கன்னியப்பன் என்கிற வயர்மேனைப் பற்றி. அச்சரப்பாக்கத்துக்காரர். அவருக்கு வேலை தெரியாது, கொடுத்த சாமானை விற்றுத் தின்றவர், அதனால்தான் அவரே செத்தார் என்று ஊர் பேசியது. அது பொய். பொய் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் என் மாமியார், அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. இன்னொருத்தி நான்.

மார்பளவு குழி

மோட்டார் கொட்டாய்க்குப் பின்னால் மார்பளவு குழி. அதற்குள் கன்னியப்பன் நிற்கிறார். தலையில் சிவப்புத் துண்டு. குழியின் நடுவில் ஒரு இரும்புப் பைப்பு.

"தங்கச்சி, கரி ஒரு கூட" என்கிறார். எடுத்துக் கொடுக்கிறேன். கொட்டி, காலால் மிதிக்கிறார். "இப்ப உப்பு." கொடுக்கிறேன். திரும்பக் கரி. திரும்ப உப்பு. குழி நிறைய நிறைய அவரும் மேலே ஏறி வருகிறார். முதலில் தலையும் தோளும், அப்புறம் இடுப்பு, அப்புறம் முழங்கால்.

கரி எங்கள் தோப்புச் சவுக்கில் சுட்டது. உப்பு, கோவளம் பக்கத்து உப்பளத்திலிருந்து வந்த கல்லுப்பு. என் வீட்டுக்காரர் முந்தின நாளே மூட்டையாக வாங்கிப் போட்டுவிட்டு, ஏதோ கையெழுத்துக்காகச் செங்கல்பட்டு போயிருந்தார். அதனால் குழியருகே நாங்கள் மூன்று பேர்தான். குழிக்குள் அவர், மேலே நான், கொஞ்சம் தள்ளிக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு மாமியார்.

எனக்கு எதையும் எண்ணுகிற பழக்கம். பள்ளிக்கூடத்தில் கற்றதில் அது ஒன்றுதான் தங்கியது. எண்ணிக்கொண்டே இருந்தேன்.

"இன்னாப்பா இது, வயக்காட்டுல உப்ப கொட்டிகினு கீற? உப்பு வுழுந்த மண்ணுல புல்லு மொளைக்குமா?" என்றார் மாமியார்.

"எர்த்து, பெரிம்மா. மோட்டாருக்குள்ள எங்கனா கரண்டு கசிஞ்சா, அது மேல நிக்காம இந்த பைப்பு வழியா மண்ணுக்குள்ள ஓடிடும். உங்க மண்ணு மணலு. மணலு கரண்ட உள்ள வுடாது. உப்பும் கரியும் ஈரமும் இருந்தாத்தான் வுடும்."

மாமியார் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குழியையே பார்த்தார்.

வேலை முடிந்ததும் கன்னியப்பன் ஒரு பல்பை எடுத்தார். அதிலிருந்து இரண்டு வயர் தொங்கியது. ஒரு முனையைச் சுவிட்சுப் பெட்டியில் வைத்து, இன்னொன்றைக் குழியில் நின்ற பைப்பில் தொட்டார். நல்ல உச்சி வெயில். அந்த வெயிலிலும் கண் கூசுகிற மாதிரி எரிந்தது.

"பாத்தியா தங்கச்சி, மண்ணு எப்படி ஏத்துக்குது! தெனம் ஒரு கொடம் தண்ணி இந்த குழியில ஊத்தணும். அது உன் வேலை. காஞ்சி போச்சின்னா மண்ணு மொறச்சிக்கும்."

நான் தலையை ஆட்டினேன். ஆம்பளைகளிடம் வாய் திறந்து பேசுகிற பழக்கம் எனக்கு அன்று கிடையாது. இன்றைக்கும் குறைவுதான்.

தேர் நாளும் சந்தும்

கரண்டு என்றால் எங்களுக்கு அப்போது என்ன தெரியும்? கிணற்றுத் தண்ணீரைக் கரண்டு குடித்துவிடும் என்று பக்கத்துக் கொல்லைக்காரர் மோட்டாரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கம்பத்தின் நிழலில் மாட்டைக் கட்டமாட்டார்கள்.

கன்னியப்பன் நாலைந்து நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். என் வீட்டுக்காரருக்கு அவரைக் கண்டால் கேள்வி ஓயாது. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

"ஏம்ப்பா, கம்பி, பல்பு ரெண்டுலயும் ஓடுறது ஒரே கரண்டுதான? கம்பி சும்மா கெடக்குது, பல்பு மட்டும் இன்னாத்துக்கு பத்திகினு எரியுது?"

"அண்ணாத்த, திருக்கழுக்குன்றம் தேருக்குப் போயிகீறியா? பெரிய வீதியில கூட்டம் போனா யாருக்கும் வேக்காது. அதே கூட்டத்த மூணடி சந்துல வுடு. தோளோட தோள் இடிச்சிகினு, வேத்து வழிஞ்சிகினு போவும். செம்புக் கம்பி வீதி. பல்புக்குள்ள கீற மயிர் கம்பி சந்து. அந்த நெரிசல்தான் சூடு. சூடு ஏறுனா வெளிச்சம்."

"அப்ப பொட்டியில கீற பீஸு கம்பி?"

"அது வாய்க்கா மேல போட்ட சின்ன பலகை. அளவா போனா தாங்கும். கும்பலா ஓடுனா ஒடியும், பாத அறுந்துபூடும். நம்ம உசுரக் காப்பாத்தறது அந்த பலகைதான்."

"மனுசன் இன்னா, வீதியா சந்தா?"

கன்னியப்பன் சிரித்தார். "மனுசன் கதவு. காஞ்ச தோலு மூடுன கதவு, ஈரத் தோலு தொறந்த கதவு. அதான் ஈரக் கையால சுவிட்ச தொடாதன்றேன். இன்னொண்ணு, சந்தேகம் இருந்தா பொறங்கையால தொடு. உள்ளங்கையால தொட்டா கை மூடிக்கும். அப்புறம் நீயா வுடணும்னு நெனச்சாலும் வுடாது."

இன்னொரு நாள் சமையல்கட்டு பல்பு, நான் சுவிட்சைப் போட்டதும் பட்டென்று போய்விட்டது. மாமியார் விடுவாரா? "கை ராசி அப்படி. பல்பும் தங்கல, வயித்துலயும் தங்கல" என்றார், அத்தனை பேர் முன்னால்.

கன்னியப்பன்தான் பேச்சை மாற்றினார். "தங்கச்சி மேல தப்பில்ல பெரிம்மா. பல்பு எரியறப்ப சாவாது, போடறப்பதான் சாவும். கம்பி குளுந்து கீறப்ப சந்து அகலமா இருக்கும். மொத கூட்டம் மொத்தமா பூந்துடும். சூடேறுனப்புறம் சந்து இறுகிக்கும், அளவாத்தான் வுடும். பழசான கம்பி மொத தள்ளுலயே அறுந்துபூடும்."

பாதிதான் விளங்கியது. ஆனால் எனக்காக ஒரு வெளியாள் பேசியது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை. அதை மறக்க முடியுமா?

மோட்டார் ஓடிய முதல் நாள் மாமியார் கொட்டாய் வாசலைத் தாண்டவில்லை. கன்னியப்பன் அவரைக் கூப்பிட்டு, ஓடுகிற மோட்டாரின் முதுகைப் புறங்கையால் தொட்டார். ஒன்றுமில்லை என்றதும் உள்ளங்கையை வைத்துத் தட்டிக் கொடுத்தார், மாட்டைத் தட்டுவது போல. "பாருங்க பெரிம்மா, சாதுவா கீது."

மாமியாரின் பயம்

அவர் போனபிறகு ஒரு மாதம் தினமும் குடம் தண்ணீர் ஊற்றினேன். மாமியார் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு நாள் குடத்தைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"உனக்கு வயித்துல இன்னாத்துக்குடி இன்னும் நிக்கல, தெரியுமா?"

குடத்தைக் கீழே வைத்தேன்.

"ஒரு குடும்பம் வெளங்காம போவணும்னா அவுங்க மண்ணுல உப்பையும் கரியையும் பொதைப்பாங்க. உப்பு மொளைக்காது, கரியும் மொளைக்காது. எங்க அம்மா ஊர்ல இதப் பாத்துகீறேன் நானு. யாரோ சொல்லிக் குடுத்து அனுப்பிகீறாங்க அவன. நீ தெனம் தண்ணி வேற ஊத்தி வளக்கற!"

இன்றைக்குப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். செய்வினைக்குப் பயந்த காலம் அது. பிள்ளை இல்லை என்று பேச்சு வாங்குகிறவளுக்கு எதைச் சொன்னாலும் நம்பத் தோன்றும். மாமியார் மிரட்டினார், நான் செய்தேன் என்று எழுதிவிடலாம். அது முழு உண்மையாகாது. எனக்கும் பிள்ளை வேண்டும் என்று இருந்தது.

ஆண்கள் எல்லோரும் மாட்டுச் சந்தைக்குப் போன ஒரு பகலில், கடப்பாரையும் மண்வெட்டியுமாக நாங்கள் இரண்டு பேரும் அந்தக் குழியைத் தோண்டினோம். பைப்பைத் தொடவில்லை, அசைந்தால் தெரிந்துவிடும் என்று. அதைச் சுற்றியிருந்த உப்பையும் கரியையும் கூடை கூடையாக அள்ளிச் சாக்கில் கட்டினோம். குழியில் சவுக்குத் தோப்பு மணலைக் கொட்டி, மேலே மண்ணைத் தூவிச் சாணம் தெளித்தோம். பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

அன்றோடு குடம் தண்ணீரும் நின்றது.

மாசி மகம்

எடுத்ததை நம் எல்லைக்குள் போடக்கூடாது, கடலில்தான் கரைக்க வேண்டும் என்றார் மாமியார். மாசி மகம் வந்தது. மாமல்லபுரம் கடலில் முழுக்குப் போட வண்டி கட்டினோம். சாக்குகளை வைக்கோலுக்கு அடியில் வைத்தோம். "இன்னாம்மா வண்டி இழுக்கமாட்டேன்னுது" என்றார் என் வீட்டுக்காரர். "சாமிக்குப் பொங்க வைக்க அரிசி, வெறகுடா" என்றார் மாமியார்.

கடற்கரை முழுக்க இருளர் குடும்பங்கள். நாலு குச்சி நட்டுப் புடவையைக் கட்டி, அந்த நிழலில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கைக்குழந்தை ஈர மணலைத் தின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்ற என்னை மாமியார் தோளில் இடித்தார்.

கூட்டத்தை விட்டுத் தள்ளிப் போய் சாக்கைக் கவிழ்த்தோம். உப்பு விழுந்த இடம் தெரியாமல் போய்விட்டது. கரி போகவில்லை. அலை அதைத் திரும்பத் திரும்ப என் காலடியில் கொண்டுவந்து போட்டது. காலால் தள்ளினேன். மறுபடி வந்தது. திரும்பிப் பார்க்காமல் வா என்று மாமியார் கையைப் பிடித்து இழுத்துப் போனார். புடவைக் கரையில் கரி ஒட்டியிருந்தது.

அடுத்த மாதம் நான் குளிக்கவில்லை. என் மூத்தவன் வயிற்றில் வந்துவிட்டான். மாமியார் என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். "பாத்தியாடி, நான் சொன்னனா இல்லியா?"

தலையை ஆட்டினேன்

சித்திரை வெயில். மண் வெடித்துக் கிடந்தது. மோட்டாரைத் தொட்டால் எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் ஆள் சொல்லி அனுப்பினார். காலை ஒன்பது பத்து மணி இருக்கும், கன்னியப்பன் வந்தார். அதே சிவப்புத் துண்டு. செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கொட்டாய்க்குள் வந்தார். பம்பில் தண்ணீர் கசிந்து தரையெல்லாம் ஈரமாக இருந்தது.

நான் மோர் கொண்டு போயிருந்தேன். மாமியார் வாசலில் நின்றார்.

"எறும்பு கடிக்குதா? டயரு செருப்பு போட்டுகினே கடிச்சிதா அண்ணாத்த?" என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார் கன்னியப்பன். "அப்படி கசிஞ்சா பீஸு போயிருக்கணுமே. நான் போட்ட எர்த்து அப்படி." பிறகு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, குழிக்கு தெனம் தண்ணி ஊத்தறியாம்மா?"

ஒரே ஒரு கேள்வி.

மாமியார் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

"அப்ப ஒண்ணுமில்ல. ஈரக் கையால சுவிட்ச தொட்டுகீறாரு, அதான்" என்று சொல்லி மோட்டாரைப் போட்டார். அது ஓடியது. வாசலில் ஒதுங்கி நின்ற மாமியாரைப் பார்த்து, "இன்னும் பயந்துகினு கீறீங்களா பெரிம்மா? பாருங்க" என்றார்.

புறங்கையை வைக்கவில்லை. நேராக உள்ளங்கையை வைத்தார்.

அவர் கத்தியிருந்தால்கூட எனக்கு இத்தனை வருஷம் இப்படி இருந்திருக்காது என்று நினைக்கிறேன். சத்தமே இல்லை. உடம்பு விறைத்தது, அவ்வளவுதான். மோட்டாரின் சத்தம் கொஞ்சமும் மாறவில்லை. வாய்க்காலில் தண்ணீர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. விளையாடுகிறார் என்றுதான் நினைத்தோம். என் கையில் மோர்ச் சொம்பு அப்படியே இருந்தது.

என் வீட்டுக்காரர்தான் மாடு ஓட்டுகிற தார்க்கோலால் சுவிட்சை அடித்து இறக்கினார். அப்புறம்தான் அந்தக் கை விட்டது. அவர் சரிந்து விழுந்தார். மார்பைத் தேய்த்தார்கள், காலைத் தேய்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

"பீஸு போவும்னு சொன்னானே! போவும்னு சொன்னானே!" என்று என் வீட்டுக்காரர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பீஸ் போகவில்லை. பெட்டியில் நல்லபடியாகத்தான் இருந்தது.

சிவந்த நூல்

இரண்டு நாள் கழித்துக் கரண்டு ஆபீசர் ஒருவர் வந்தார். கன்னியப்பனின் மனைவியும் அவருடைய சாமான் பையை வாங்கிப்போக வந்திருந்தாள். என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவளாக இருப்பாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றாள்.

ஆபீசரும் ஒரு பல்பை எடுத்து, ஒரு வயரைச் சுவிட்சுப் பெட்டியிலும் இன்னொன்றைப் பைப்பிலும் வைத்தார். அன்று வெயிலையே தோற்கடித்து எரிந்ததே, அதே மாதிரி பல்பு. இப்போது எரியவில்லை. குனிந்து, கையால் நிழல் கட்டிப் பார்த்தார். உள்ளே கம்பி மட்டும் சிவந்த நூல் மாதிரி தெரிந்தது.

எனக்கு அந்த நிமிஷத்தில்தான் விளங்கியது. வீதி, சந்து, கதவு என்று அவர் சொன்னதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்து தலையில் இடித்தது. பைப்பு வழியை நாங்கள் மணலைப் போட்டு அடைத்திருந்தோம். மோட்டார் மேல் வந்து நின்ற கூட்டத்துக்குப் போக வழியில்லை. ஈரத் தரையில் வெறுங்காலோடு அவர் வந்து நின்றார்.

தோண்டச் சொன்னார் ஆபீசர். மணல்தான் வந்தது.

"உப்பு எங்கய்யா? கரி எங்க?"

"மூட்டையா வாங்கிக் குடுத்தேனே சார்" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு ஒன்றும் தெரியாது.

"வித்துத் தின்னுட்டான். அதுக்கு அவனே பலி ஆயிட்டான்" என்றார் ஆபீசர்.

வேப்பமரத்தடியிலிருந்து அந்தப் பெண் வந்தாள். "அவரு அப்படிப்பட்டவரு இல்லீங்க" என்றாள் ஆபீசரிடம். அவர் எழுதிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் எங்களிடம் திரும்பினாள்.

"நீங்க வூட்டுலதான இருந்தீங்க? நீங்க பாத்தீங்களாம்மா? அவரு உப்பு போட்டாரா?"

மாமியார் பதில் சொன்னார். "நாங்க பொம்பளைங்க. இன்னாத்தக் கண்டோம்?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் என் கால் விரலைப் பார்த்தேன். பாதத்தில் வெடிப்புக்குள் இன்னும் கொஞ்சம் கரி இருந்தது என்று சத்தியமாகச் சொல்வேன். அது இருக்க முடியாது, கடலில் முழுகியே ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

அன்று வீட்டுக்குள் போனதும் மாமியார் என் வாயைப் பொத்தினார். நான் ஒன்றும் பேசவே இல்லை, அப்போதும் பொத்தினார். "வயித்துல புள்ள கீது. வாயத் தொறந்தா புள்ளக்கி அப்பன் இருக்கமாட்டான், ஜெயில்லதான் இருப்பான்." அதற்குப் பிறகு அவர் சாகும்வரை சோற்றில் உப்பு போட்டுக்கொள்ளவில்லை. காரணம் கேட்டவர்களிடம் ரத்தக் கொதிப்பு என்பார்.

படித்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்

போன வருஷம் என் மூத்தவன் புது வீடு கட்டினான். எர்த்துக்குக் குழி தோண்டி ஏதோ ஒரு பொடியை மூட்டையிலிருந்து கொட்டினார்கள். "உப்பும் கரியும் போடமாட்டீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டேன். வேலைக்காரர் ஆச்சரியப்பட்டார். "அட, அதெல்லாம் உங்களுக்கு எப்படி ஆயா தெரியும்?" என்றார். மூத்தவனும் என்னைத் திரும்பிப் பார்த்தான். அன்றும் நான் பதில் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அவனுக்கே தெரியப்போகிறது.

மின்சாரம் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் எழுதியதைச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். கோடையில் காய்ந்த மணலில் நிற்கிற பைப்பு. ஈரத் தரை, வெறுங்கால். நாங்கள் அந்தக் குழியைத் தோண்டாமல் இருந்திருந்தால், தண்ணீரும் ஊற்றியிருந்தால், பீஸ் போயிருக்குமா? அவர் பிழைத்திருப்பாரா? வயதானவள் என்று இரக்கப்பட்டு மாற்றிச் சொல்ல வேண்டாம். வயர், பெட்டி என்று நான் எழுதியதில் பிழை இருந்தால் அதையும் திருத்துங்கள். நாள், மாதம் எல்லாம் முன்பின் ஆகியிருக்கலாம்.

அச்சரப்பாக்கத்தில் அவருடைய ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்றும் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். அந்த அம்மா இருந்தால் எண்பது தாண்டியிருக்கும். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் பாக்கி இருக்கிறது. அதை மட்டும் யாரும் சரிபார்க்கத் தேவையில்லை.

போட்டார் அம்மா. கரி ஆறு அடுக்கு, உப்பு ஆறு அடுக்கு. என் கையால்தான் எடுத்துக் கொடுத்தேன். பக்கத்தில் நின்று எண்ணினேன்.